பொரி மிதந்து வந்த வடிகால்

மூன்று நாளாக மழை இல்லை, ஆனாலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது மழைத்தண்ணீர் இல்லை. யாரோ எதையோ விடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கல்லூரி தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் கோவைக்கு வடக்கே நான் வேலை பார்த்த ஊரில், எந்த மூடியைத் திறந்தால் எந்தப் பட்டறையின் வாசம் வரும் என்று இந்த மருதாசலத்தைக் கேட்காமல் எந்தப் பொறியாளரும் வேலையைத் தொடங்கியதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான்.

ஓய்வில் இருக்கும் என்னைத் தேடிப் போன மாதம் நகராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வடிகாலுக்குள் இனிமேல் சின்னச் சின்னப் பெட்டிகள் வைக்கப் போகிறார்களாம். எண்ணெயோ சாயமோ வந்தால் பெட்டியே போனுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். முதலில் வாங்கியிருப்பது ஒன்றே ஒன்று. "அதை எங்க வெக்கலாமுங்க?" என்று கேட்டார் புதிதாக வந்த பொறியாளர். ஒரே வரியில் பதில் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏனுங்க அங்க? எழுதிக் குடுங்க, பயிற்சிக்கு வர்றவங்களுக்குக் குடுக்கறோம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்கள். நான் பதினெட்டு வயதில் தினக்கூலியாக வடிகால் தூர்வாரும் வேலைக்கு வந்தேன். மண்வெட்டி பிடித்தது பத்து வருடம். பிறகு வேலை நிரந்தரம் ஆனது, பிறகு மேற்பார்வையாளர் ஆனேன். இடையில் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகம்; விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் என்றால் தினமும் குறிப்பு எழுத வேண்டும். மளிகைச் சாமான் சுற்றி வந்த செய்தித்தாளை விரித்து வைத்து, அச்செழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியே என் கையெழுத்தைத் திருத்தினேன். யாரும் சொல்லித் தரவில்லை.

படிக்கிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கழிவுநீர் போகும் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகால் நேராகக் குளத்தில் போய் விழுகிறது. நடுவில் வடிகட்ட ஒரு துணிகூடக் கிடையாது. ஒருவர் பெயிண்ட் டப்பாவைக் கழுவி ரோட்டோரம் ஊற்றினால் அடுத்த மழைக்கு அது குளத்துக்குள் இருக்கும். எங்கள் குளத்தில் மீன் வளர்த்தார்கள். அந்தத் தண்ணீர் ஊறித்தான் கீழ்ப்புறத்துத் தோட்டங்களின் கிணறுகள் நிறைந்தன. மழைநீர் தவிர வேறெதையும் வடிகாலில் விடக் கூடாது என்று எங்கள் நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு, அதை அமல்படுத்தும் வேலையை எங்கள் பிரிவிடம் கொடுத்திருந்தார்கள்.

நான் சொல்லப்போகும் வடிகால் ஊரின் மேட்டிலிருந்து இறங்கிப் பட்டறைத் தெருவின் அடியில் நுழைந்து குளத்தில் முடிகிறது. மொத்தம் பதினோரு மூடி. குளத்துப் பக்கமிருந்து எண்ணினால் நான்காவது மூடி பட்டறைத் தெருவின் கீழ் எல்லை, எட்டாவது மேல் எல்லை. நடுவில் இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள்.

கலைவாணி அம்மா உதவிப் பொறியாளராக வந்தபோது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தணியும், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். முதல் நாளே என் அனுபவத்தைக் காட்டிவிடலாம் என்று போய் நின்றேன்.

"பட்டறைத் தெருவுல தண்ணி நெம்ப மோசமுங்க மேடம். நாறுது."

"எந்த மூடியிலங்க?"

"அந்தப் பக்கம் எல்லாமேங்க."

"எத்தன மணிக்குப் பாத்தீங்க? கூட யாரு இருந்தாங்க?"

மணி பார்க்கவும் இல்லை, ஆளைக் கூட்டிப்போகவும் இல்லை.

"மருதண்ணா, நாறுதுன்னு எழுதுனா நாம மட்டுந்தான் படிச்சுக்கலாம். எங்க, எத்தன மணி, யாரு. இந்த மூணும் இருந்தாத்தான் அது குறிப்பு."

அன்றைக்கு எனக்கு முகம் சுருங்கிப் போனது உண்மை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று மூடிகளைத் திறந்து, மணியும் ஆளும் போட்டு எழுதி அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "இது குறிப்பு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அதற்கு மேல் அவரிடம் யாரும் வாங்கியதில்லை. நான் வாங்கியதை விடக் குறைவாக வாங்கியவர்கள்தான் நிறைய.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்தது இதுதான். ஒரு செய்தித்தாள் துண்டை நீளக் கம்பியில் செருகி, தண்ணீரின் மேலாக இழுத்து எடுத்து வெயிலில் காயவைப்போம். வெறும் தண்ணீர் என்றால் காகிதம் காய்ந்து பழையபடி ஆகிவிடும். எண்ணெய் என்றால் காய்ந்த பிறகும் கண்ணாடி மாதிரி அடுத்த பக்கத்து எழுத்தைக் காட்டும். சந்தேகப்படும் இடத்துக்குக் கீழ் மூடியில் ஒன்று, மேல் மூடியில் ஒன்று, இரண்டும் எடுத்தாக வேண்டும். கீழே எண்ணெய், மேலே சுத்தம் என்றால்தான் நடுவில் இருப்பவர் மேல் கை வைக்கலாம். இந்த இரண்டு மூடிக் கணக்கை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் தெரிந்த பிறகு மூன்று படி. முதலில் வாய்ச்சொல். அடுத்து நோட்டீஸ், ஏழு நாள் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால் அவர்கள் வடிகாலில் விட்டிருக்கும் குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைப்போம். உடனே ஆபத்து என்றால் முதல் இரண்டு படியும் கிடையாது, நேராக அடைப்புதான்.

கலைவாணி அம்மா வந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மழை பெய்தது. அதற்கு அடுத்த நாள் குளத்து ஓரமெல்லாம் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. குளத்தை மீன் வளர்க்க ஏலம் எடுத்திருந்தவர் ராயப்பன். என் வயசுதான், என்னை விட இரண்டு மடங்கு உடம்பு. அவர் கூடையோடு முட்டளவு தண்ணீரில் நின்று செத்த மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வருசமுங்க மருதண்ணா. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வலையச் சுருட்டிக்கிட்டு எங்கியாவது மில்லுல வாட்ச்மேனா உக்கார வேண்டியதுதான். வேற என்ன சோலி தெரியும் எனக்கு?"

ஏன் ஆயுத பூஜைக்கு மட்டும்? அன்று அங்கேயே நின்று யோசித்தேன். எங்கள் பக்கத்தில் பூஜைக்கு முந்தின நாள் ஒவ்வொரு பட்டறையிலும் மெஷினைக் கழுவுவார்கள். வருடம் முழுவதும் சேர்ந்த கிரீஸ், கழிவு எண்ணெய், இரும்புத்தூள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்பு போட்டு, தரையோடு சேர்த்துக் கழுவித் தள்ளுவார்கள். அந்தச் சமயத்தில்தான் ஐப்பசி மழையும் தொடங்கும். ஒரு வருட அழுக்கை ஒரே நாளில் இறக்கி, மறுநாள் மழையிடம் ஒப்படைக்கிறோம்.

"அடுத்த பூஜைக்கு உங்க மீன் செத்தா இந்தக் காக்கிச் சட்டையக் கழட்டி உங்க கையில குடுத்துப்போடறேன்" என்றேன். சொன்னால் சொன்னதுதான், அது என் குணம்.

அடுத்த வருடம் பூஜைக்கு ஒரு மாதம் முன்பே பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், மரத்தூளைக் கொட்டித் துடையுங்கள், எண்ணெய் ஊறிய தூளை மூட்டையாகக் கட்டி வைத்தால் நாங்களே தனியாக எடுத்துப்போகிறோம் என்றேன். தெருவுக்குப் பெரியவர் சென்னியப்பக் கவுண்டர். நான்கு லேத் வைத்திருந்தார். அவர் சொன்னால் தெரு கேட்கும்.

"ஏப்பா மருதா, கழுவாத மெஷினுக்குப் பொட்டு வெக்கச் சொல்றயா? சாமி ஏத்துக்குமா?"

"உங்க ஊட்டு அழுக்க ராயப்பன் குளத்துல ஊத்துனா மட்டும் ஏத்துக்குங்களா?"

பட்டறைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவினார்.

"சரி. என் தெருவுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி போகாது. நாஞ் சொல்றன். ஆனா அதுக்கு மேல மீன் செத்துதுன்னா, நீ இந்தத் தெருவுக்குள்ள காலு வெக்கப்படாது. செரியா?"

"செரிங்க."

வாக்குக் கொடுத்தபடி நடந்துகொண்டார்கள். பூஜைக்கு முந்தின நாள் முழுக்கத் தெருவில்தான் இருந்தேன். மரத்தூள் மூட்டைகள் வாசலில் வரிசையாக இருந்தன. இவ்வளவு சாதித்தவன் இந்த ஊரில் வேறு யார் என்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் கிளம்பினேன்.

விஜயதசமி அன்று அதிகாலை தூறல். எட்டு மணிக்கு ராயப்பன் போன்.

"மருதண்ணா, வாய்க்கா வாயில பளபளன்னு ஏழு கலருல பாடை கட்டி வருதுங்க. இன்னும் கொஞ்சந்தான் வந்திருக்குது. வானம் மேக்க கறுத்துக் கெடக்குது. சாயங்காலம் பெரிய மழை வந்துதுன்னா எல்லாம் உள்ளார எறங்கீரும்."

ஓடினேன். பாடை என்று அவர் சொன்னது தண்ணீர் மேல் படரும் எண்ணெய்ப் படலத்தை. நான்காவது மூடியைத் திறந்து காகிதத்தை இழுத்தேன். வெயில் இல்லை, உதறிக் காயவைத்தேன். காகிதம் கண்ணாடியாக நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சென்னியப்பக் கவுண்டர் பட்டறைக்குள் போனேன். விஜயதசமிக்கு மெஷினை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத் தெருக்காரர்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள்.

"வாக்குக் குடுத்துப்போட்டு ராத்திரியோட ராத்திரியாக் கழுவி உட்டுட்டீங்களே! பெரிய மனுசன் பேச்சு இவ்வளவுதானுங்களா?"

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் முகம் செத்துப் போனது. மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"எந்த மூடியில எடுத்த?"

"நாலாவதுல."

"எட்டாவதுல எடுத்தியா?"

இரண்டு மூடிக் கணக்கை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், கோபத்தில் ஒரு மூடியோடு வந்து நிற்கிறேன். அந்த நேரத்துக்கு நான் போன் செய்து சொன்னதன் பேரில் கலைவாணி அம்மாவும் வந்து சேர்ந்தார். விடுமுறை நாள், கோயிலுக்குக் கிளம்பியவர் பட்டுச்சேலையோடு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டார். குரல் தரைக்கு இறங்கியது.

"மேல போய்ப் பாத்தாச்சுங்களா மருதண்ணா?"

எட்டாவது மூடிக்குப் போனோம். கவுண்டரும் கூடவே வந்தார். காகிதம் கண்ணாடிதான். எண்ணெய் பட்டறைத் தெருவுக்கு மேலிருந்து வருகிறது. ஒன்பது, அதுவும் எண்ணெய். பத்து, இன்னும் கெட்டி. பதினொன்றாவது மூடி கடைசி மூடி. அதற்கு மேல் இருப்பது ஒரே கட்டடம். வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்ட எங்கள் வண்டி ஷெட்.

குப்பை லாரிகள், சாக்கடை உறிஞ்சும் வண்டி, டிராக்டர், எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளத்து நின்றன. முந்தின நாள் அந்தப் பூஜையில் பூசணிக்காய் உடைத்ததே நான்தான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், பட்டறைத் தெருவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "நல்லாக் கழுவுங்கப்பா. மின்னோணும். பட்டறைக்காரங்க நம்ம வண்டியப் பாத்துச் சிரிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனதும் நான்தான். ஒரு மாதம் ஊரெல்லாம் கழுவாதே என்று சொன்ன வாய், இங்கே வந்ததும் கழுவு என்று சொல்லியிருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை. சட்டம் ஊருக்கு, ஷெட் நம்முடையது. அப்படித்தான் எங்கள் எல்லோர் தலையிலும் இருந்தது.

மூத்த டிரைவர் ஆறுமுகம் ஓடி வந்தார். "நம்ம ஷெட்டுத் தண்ணி கழிவுநீர்க் குழாய்க்குத்தானுங்க மேடம் போகுது. படத்துல செவப்புக் கோடு போட்டிருக்குது பாருங்க."

ஷெட் சுவரில் ஒட்டியிருந்த குழாய்ப் படத்தில் அப்படித்தான் இருந்தது. சந்தேகம் தீர்க்கச் சாயப்பொடி கரைத்து ஊற்றிப் பார்ப்பது வழக்கம். ஆனால் விடுமுறை, அலுவலக அலமாரி பூட்டிக் கிடந்தது. என் கைப்பையில் பூஜைக்குக் கொடுத்த பொரிப் பொட்டலம் அப்படியே இருந்தது. பிரித்தேன். கவுண்டரைப் பதினோராவது மூடியில் நிறுத்தினேன். வண்டி கழுவும் குழியில் பொரியைக் கொட்டி, ஆறுமுகத்தை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன்: வரக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் ரோட்டிலிருந்து கவுண்டர் குரல் வந்தது. "வருது மருதா! உம்பட பொரி வரிசை கட்டி வருது! கடலை கூட ஒண்ணு ரெண்டு இருக்குது, தின்னுக்கட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

படத்தில் சிவப்புக் கோடு போட்டவர் யாரோ, குழாய் போட்டவர் வேறு யாரோ. கட்டிய நாளிலிருந்தே எங்கள் ஷெட்டின் கழுவுநீர் மழைநீர் வடிகாலுக்குத்தான் போயிருக்கிறது. போன வருட மீனுக்குப் பட்டறைத் தெருவும் காரணம், நாங்களும் காரணம். எங்கள் பங்கைத் தேடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா போனில் பெரிய அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "நம்ம ஷெட்டுக்கு நாமளே நோட்டீஸா? ஊரு சிரிக்காதா? வாயில சொல்லி முடிச்சுக்கங்க." அம்மா, "சரிங்க சார், உங்க கருத்தையும் குறிப்புல எழுதிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுத ஆரம்பிக்கலாமுங்களா மருதண்ணா?"

ஷெட் வாசலில், லாரியின் பானெட் மேல் தாளை வைத்து எழுதினேன். எங்கே: வண்டி ஷெட், கழுவும் குழி. எத்தனை மணி: பூஜைக்கு முந்தின நாள் மாலை ஐந்து முதல். யார்: ஷெட் ஊழியர்கள், கழுவச் சொன்னவர், மேற்பார்வையாளர் மருதாசலம்.

அம்மா படித்துவிட்டு, "உங்க பேரு எதுக்குங்க?" என்றார்.

"மூணும் இருந்தாத்தான் குறிப்புன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

கையெழுத்துப் போட்டார். நோட்டீஸைத் தோரணத்துக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி நானே ஒட்டினேன். ஏழு நாள் அவகாசம் எல்லாம் கொடுக்கவில்லை, வானம் கறுத்திருந்தது. ஆபத்துக்கு நேராக அடைப்புதான். சிமெண்டைக் குழைத்து, குழிக்குள் இறங்கி, குழாயின் வாயை அடைத்தேன். எத்தனையோ பட்டறைகளின் குழாயை அடைத்த கை அது. எங்கள் குழாய்க்கு மட்டும் கலவையைக் கெட்டியாகவே வைத்தேன்.

ஆனால் வடிகாலுக்குள் ஏற்கெனவே இறங்கிய எண்ணெய் அப்படியே கிடந்தது. பெரிய மழை வந்தால் அதை வாரிக்கொண்டு குளத்துக்குப் போகும். மணி பன்னிரண்டு. நான் கவுண்டரிடம் போனேன்.

"நாஞ் சொன்னது தப்புங்க. உங்க ஆளுக முன்னால சொன்னேன், இப்ப அதே ஆளுக முன்னால கேக்கறேன், மன்னிச்சுக்கங்க. அப்பறம், உங்ககிட்ட மிச்சமிருக்கற மரத்தூளு வேணும்."

கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிப்புக் கேக்கறவன் மூட்டையோட கேக்கறத இப்பத்தான் பாக்கறன்" என்றார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார்: "டேய், தூளு மூட்டை இருக்கறவனெல்லாம் கொண்டாங்கடா!"

பூஜைக்கு எடுத்த புதுச்சட்டையோடு ஷெட் ஆட்கள் பதினொரு மூடியையும் திறந்து மண்வெட்டியால் சேற்றை வாரினார்கள். பட்டறைக்காரர்கள் மரத்தூளைத் தூவ, எண்ணெய் ஊறிய தூளை நாங்கள் கூடைகூடையாக மேலேற்றினோம். ராயப்பன் குளத்து வாயில் வைக்கோல் பிரிகளைச் சாக்கில் கட்டிக் குறுக்கே அடுக்கி, மிதப்பது உள்ளே போகாதபடி தடுத்து வைத்தார். நாலரைக்குக் கடைசி மூடியைப் போட்டோம். ஐந்து மணிக்கு மழை ஊற்றியது.

எல்லோரும் நனைந்தபடியே குளத்து வாயில் நின்றோம். தண்ணீர் இரைந்து வந்தது. செம்மண் நிறம். நான் காகிதத்தை இழுத்து, ராயப்பன் குடிசைக்குள் கொண்டுபோய் அவர் அடுப்பின் அனலில் காட்டிக் காயவைத்தேன். அடுத்த பக்கத்து எழுத்து தெரியவில்லை. வெறும் தண்ணீர்.

மறுநாள் காலை வாய்க்கால் ஓரம் ஏழு மீன் மிதந்தது. குளம் பிழைத்துவிட்டது, ஆனால் ஏழு மீன் செத்தது செத்ததுதான். ராயப்பன் முன்னால் போய் நின்று காக்கிச்சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"அட, உடுங்கண்ணா" என்றார். "உங்க சட்டை எம்பட ஒரு கைக்குத்தான் பத்தும். போட்டுக்கிட்டுப் போய் அந்தக் குழாயச் சரிபண்ணுங்க."

சரி பண்ணினோம். அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நோட்டீஸின் நகலையே விளக்கமாகக் கொடுத்தேன். ஷெட்டில் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி கட்டி, அதிலிருந்து நிஜமாகவே கழிவுநீர்க் குழாய்க்கு இணைப்புக் கொடுத்தார்கள். அதை நம்புவதற்கு முன் நான் மறுபடி பொரி போட்டுப் பார்த்தேன். வடிகாலில் ஒரு பொரி வரவில்லை. சென்னியப்பக் கவுண்டர் தெருவுக்குள் என்னை விட்டார். அதன் பிறகு அவர் என்னை "ஏப்பா மருதா" என்று கூப்பிட்டதில்லை. "வாங்க மருதாசலம், நம்ம மேல் மூடி எப்படி இருக்குது?" என்பார். நான் ஓய்வு பெறும்வரை ஆயுத பூஜை மழைக்கு ராயப்பன் குளத்தில் மீன் சாகவில்லை. அதற்குப் பிறகு அவருடைய மகன்தான் குளத்தை எடுத்திருக்கிறார்.

எத்தனையோ நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். நகல் எடுத்து வீட்டில் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான்.

பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டார் அந்தப் பொறியாளர். பட்டறைத் தெருவில் என்று சொல்வேன் என எதிர்பார்த்து, பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"நம்ம வண்டி ஷெட்டு வாசல்ல வைங்க" என்றேன்.